காவிரிக்கரையில் யோவானை வாசித்த மூவர்

குளித்தலையில் கடம்பவனநாதர் கோயில், தெற்கே ஐயர்மலை, ஆற்றுக்கு அக்கரையில் திருஈங்கோய்மலை. காலையில் கடம்பர், நண்பகலில் சொக்கர், அந்தியில் ஈங்கோய்நாதர் என்று ஒரே நாளில் மூவரையும் தரிசிப்பதை இந்தப் பகுதி மக்கள் பெரும் புண்ணியமாகக் கருதி வந்திருக்கிறார்கள். இந்தத் தலங்கள் சூழ்ந்த இடத்தில், அகண்ட காவிரியின் தென்கரையில், தண்ணீர்ப்பள்ளி என்ற சிற்றூரின் மாந்தோப்பில், 1950 மார்ச் 21ஆம் நாள் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள் இருவர் காவி உடுத்தினார்கள். அன்று புனித ஆசீர்வாதப்பர் திருநாள். ஆசிரமத்துக்குச் சச்சிதானந்தம் என்று பெயர். தோப்புக்குச் சாந்திவனம் என்று பெயர். வெளியே அறிமுகமானது தோப்பின் பெயர்தான்.

நிறுவன வரலாறு எழுதுகிறவர்கள் கட்டடங்களையும் தலைமைப் பொறுப்பு வகித்தவர்களையும் வரிசைப்படுத்துவது வழக்கம். சாந்திவனத்துக்கு அப்படி எழுதினால் முதல் 18 ஆண்டு அரைப்பக்கத்தில் முடிந்துவிடும். சில குடில்கள், ஒரு சிறு கோயில். நிலைத்துத் தங்கிய சீடர் என்று சொல்ல ஆளில்லை. ஆனால் 75 ஆண்டுக்குப் பிறகும் தொலைதூர நாடுகளில் இருப்பவர்கள் இந்த ஆசிரமத்தைத் தேடி வருகிறார்கள் என்றால், அதற்கான விதை அந்த 18 ஆண்டுகளில்தான் விழுந்தது. அங்கே நடந்தது ஒரு வாசிப்பு. யோவான் நற்செய்தி என்ற ஒரே நூலை இந்த ஆற்றங்கரையில் முதலில் இருவரும், பின்னர் மூன்றாமவர் ஒருவரும் தத்தம் மனப்போராட்டத்தைச் சுமந்தபடி வாசித்தார்கள். மூவரும் வெவ்வேறு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வாசிப்பைச் சொல்வதே ஆசிரமத்தின் வரலாற்றைச் சொல்வது என்று நான் நினைக்கிறேன்.

முதலாமவர் ஜூல் மோன்ஷனேன். 1895இல் பிரான்சில் லியோன் நகரை அடுத்த ஃப்ளூரி என்ற ஊரில் பிறந்தவர். நல்ல படிப்பாளி. ஆன்றி த லுபாக் போன்ற பெரிய இறையியலாளர்கள் அவருக்கு நண்பர்கள். 1932இல் கடும் நோயில் விழுந்தபோது, பிழைத்தெழுந்தால் இந்தியாவுக்கே என் வாழ்வு என்று நேர்ந்துகொண்டார். 1939இல் திருச்சி மறைமாவட்டத்துக்கு வந்தார். ஆயர் ஜேம்ஸ் மென்டோன்சா அவரைக் கிராமப் பங்குகளுக்கு அனுப்பினார். ஓட்டு வீட்டிலும் ஓலைக் கூரையின் கீழும், ஆஸ்துமாவோடு, பத்தாண்டுக்கு மேல் பங்குப்பணி செய்தார். மறைநூலையும் இந்திய மெய்ஞ்ஞான நூல்களையும் பக்கத்தில் வைத்துத் தவம் செய்யும் ஒரு மடம் வேண்டும் என்பதே அவர் ஆசை. அந்த ஆசைக்குத் துணை கிடைக்காமலேயே ஆண்டுகள் கழிந்தன.

துணை ஒரு கடிதமாக வந்தது. பிரிட்டனி கடலோரத்துச் சேன்-பிரியாக்கில் 1910இல் பிறந்து, கெர்கோனான் ஆசீர்வாதப்பர் மடத்தில் 1929 முதல் துறவியாக இருந்த ஆன்றி லெ சோ 1947இல் திருச்சி ஆயருக்கு எழுதினார். இந்தியாவில் இந்தியரைப் போலவே துறவு வாழ இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். கடிதம் பிரெஞ்சில் இருந்ததால் ஆயர் அதை மோன்ஷனேனிடம் கொடுத்தார். தாம் காத்திருந்த ஆளே கேட்காமல் வந்து நிற்பதைக் கண்ட அவர் பதில் எழுத உட்கார்ந்தார். 1948இல் லெ சோ குளித்தலை வந்து சேர்ந்தார். இருவரையும் நம்பி இசைவு தந்த ஆயர் மென்டோன்சாவை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னால், காவி உடுத்த குருக்களுக்குக் கையெழுத்துப் போட ஓர் ஆயருக்குத் துணிவு தேவைப்பட்டது.

காவி உடுத்த அன்று இருவரும் புதுப்பெயர் சூடினார்கள். மோன்ஷனேன், உருவமற்ற தூய ஆவியை நினைத்துப் பரம அரூபி ஆனந்தர் ஆனார். லெ சோ, அருள்பொழிவு பெற்ற ஆண்டவரின் ஆனந்தம் என்ற பொருளில் அபிஷிக்தேஸ்வரானந்தர் ஆனார். நாளடைவில் அது அபிஷிக்தானந்தர் என்று சுருங்கியது. ஆசிரமத்தின் பெயருக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. தந்தை சத்து, மகன் சித்து, ஆவி ஆனந்தம் என்று மூவொரு கடவுளைச் சச்சிதானந்தத்தில் கண்டவர்கள் வங்காளத்தார். கேசவ சந்திர சென் 1882இல் அதைச் சொற்பொழிவாக்கினார். பிரம்மபாந்தவ் உபாத்யாயர் 1898இல் வடமொழிப் பாடலாக்கினார். அந்தச் சொல்லை மடத்தின் பெயர்ப்பலகையில் எழுதி, அதற்குள் குடியேறி வாழ முயன்றது தண்ணீர்ப்பள்ளி.

அவர்கள் மறைநூலை எப்படி வாசித்தார்கள் என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். ஆசீர்வாதப்பர் மடங்களில் மறைநூலைச் செய்திக்காகப் புரட்டுவதில்லை. 12ஆம் நூற்றாண்டின் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ அந்த வாசிப்பை நான்கு படியாக எழுதி வைத்தார். முதலில் வாசித்தல். அடுத்து, பசு அசைபோடுவதுபோல ஒரே வரியை நாள் முழுதும் வாய்க்குள் வைத்திருத்தல். பிறகு மன்றாடுதல். கடைசியில் சும்மா இருத்தல். அவருக்கும் முன்னால், 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜன், மறைநூலுக்கு உடல், உயிர், ஆவி என்று மூன்று அடுக்குப் பொருள் உண்டு என்றார். வரியின் உடலோடு நின்றுவிடுகிறவனுக்கு அது பழங்கதை. ஆவிவரை போகிறவனுக்கு, அங்கே பேசப்படுவது அவனுடைய சொந்தக் கதை. லெ சோவுக்கு இது பத்தொன்பது வயதிலிருந்து பழகிய முறை. இந்தியா வந்த பிறகு உபநிடதங்களையும் அவர் இதே முறையில்தான் வாசித்தார். சிக்கல் அங்கே தொடங்கியது.

1949 ஜனவரியில் மோன்ஷனேன் அவரைத் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போனார். ரமண மகரிஷியின் முன் அமர்ந்த லெ சோவுக்கு முதலில் ஏமாற்றம். ஒளிவட்டத்தை எதிர்பார்த்து வந்தவர் முன்னே, அமைதியான ஒரு பெரியவர் இருந்தார், அவ்வளவுதான். இத்தனை எதிர்பார்ப்புகளைச் சுமந்துகொண்டு வந்தால் எதுவும் கிடைக்காது, மனத்தைக் காலியாக வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்று அங்கிருந்த ஆங்கிலப் பெண்மணி ஒருவர் சொன்னாராம். பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் கிடந்தபோது, வேத ஒலியும் மகரிஷியின் முகமும் தம்மை அறியாமலே உள்ளே ஆழ இறங்கிவிட்டதை உணர்ந்தார். 1950 ஏப்ரலில் மகரிஷி மறைந்தார். ஆனால் மலை லெ சோவை விடவில்லை. 1952 முதல் சில ஆண்டுகள், வண்ணாத்திக் குகையிலும் அருட்பால் தீர்த்தக் குகையிலும் விட்டுவிட்டுப் போய்த் தங்கினார்.

‘நான் யார்?’ என்று அந்த மலை கேட்கும் கேள்வி, நல்ல கிறிஸ்தவத் துறவியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? நான் என்பதைத் தேடிப் பின்னால் போகப் போக, வணங்குகிறவன், வணங்கப்படுகிறவன் என்ற இருமை கரைகிறது. இருமை கரைந்தால் திருப்பலி யாருக்கு? திருப்பாடல் யாரை நோக்கி? குகைக்குள் தனியாகத் திருப்பலி நிறைவேற்றிய அபிஷிக்தானந்தருக்கு இது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. அத்வைதமே உண்மையென்றால் 20 ஆண்டாகத் தாம் கட்டிய வாழ்வு என்ன ஆவது? அது மயக்கமென்றால், அதில் இவ்வளவு தூரம் இறங்கிய தமக்கு மீட்பு உண்டா? இரண்டு பக்கமும் பயந்தார். முழு இந்துவாகவும் முடியவில்லை, முழுக் கிறிஸ்தவராகவும் முடியவில்லை என்று நாட்குறிப்பில் புலம்பினார். தம் அனுபவத்தைத் தொகுத்து ‘குஹாந்தர’ என்ற தலைப்பில் எழுதிய கட்டுரைகளுக்குப் பாரிசில் திருச்சபைத் தணிக்கையாளர் இசைவு மறுத்தார். சொந்தத் திருச்சபையே தம் எழுத்தில் பிழை காண்கிறது என்ற வலியும் சேர்ந்துகொண்டது.

1955 டிசம்பரில் திருக்கோவிலூர்த் தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளைக் கண்டார். குரு என்ற சொல்லின் பொருள் அன்றுதான் தமக்குத் தெரிந்தது என்பதாகவே பிற்பாடு எழுதினார். மறு ஆண்டு கும்பகோணத்தில் ‘மௌன மந்திர்’ என்ற மௌன இல்லத்தில், ஒரு மாதத்துக்கும் மேல் யாரையும் பார்க்காமல் பேசாமல் அடைந்து கிடந்தார். சாப்பாடு சுவரிலிருந்த திறப்பின் வழியாக உள்ளே வந்தது. தத்துவத்தால் இரண்டையும் இணைத்துவிடலாம் என்ற நம்பிக்கையை அந்த ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் எடுத்த முடிவு இது: இரண்டு உண்மைகளும் எதிரெதிராக இழுத்தாலும், விடியும்வரை இரண்டையும் பிடித்தபடியே நிற்பது.

அப்படி நிற்க அவருக்கு இடம் தந்தது யோவான் நற்செய்தி. அதை அவர் யோவானின் உபநிடதம் என்றே அழைத்தார். மற்ற மூன்று நற்செய்திகளிலும் இயேசு பெரும்பாலும் இறையாட்சியைப் பற்றிப் பேசுகிறார். யோவானில் திரும்பத் திரும்பத் தம்மைப் பற்றிப் பேசுகிறார். எட்டாம் அதிகாரத்தின் முடிவில், ஆபிரகாமுக்கு முன்பே தாம் இருப்பதாகச் சொல்கிறார். அந்த இடத்தில் கேட்டவர்கள் கல்லெடுக்கிறார்கள். ஏனென்றால் எரியும் முட்செடியில் மோசேக்குக் கடவுள் தந்த பெயரையே இவர் தம் வாயால் சொல்லிவிட்டார். மலையடிவாரத்தில் ‘நான்’ என்பதன் மூலத்தைத் தேடிய துறவிக்கு இந்த வரிகள் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ரமணர் கேட்ட கேள்வியும் இயேசு சொன்ன விடையும் ஒரே ஊற்றில் சந்திப்பதாக அவருக்குப் பட்டது. இயேசுவின் அந்த ‘நான்’ எங்கிருந்து எழுகிறதோ, அங்கேதான் தம் ‘நான்’ என்பதற்கும் வேர் இருக்க வேண்டும். இயேசுவை எதிரே நிறுத்திப் பார்த்தவரைக்கும் சண்டை இருந்தது. இயேசு எங்கே நின்று பேசுகிறாரோ அந்த இடத்துக்குள் நுழைந்து வாசிக்கத் தொடங்கியபோது சண்டை தணிந்தது.

பிற்காலத்தில் அவர் அதிகம் தங்கிய காட்சி யோர்தான் ஆறு. மாற்கு நற்செய்தியின் தொடக்கத்தில் இயேசு நீரில் மூழ்கி எழுகிறார். வானம் பிளக்கிறது. நீ என் மகன் என்ற குரலைக் கேட்கிறார். கெத்சமனித் தோட்டத்தில் அதே இயேசு ‘அப்பா’ என்று அழைக்கிறார். குரலும் அழைப்பும் ஒன்றுக்கொன்று எதிரொலி என்று அபிஷிக்தானந்தர் வாசித்தார். ஆற்றில் இயேசுவுக்கு நடந்தது ஒரு விழிப்பு. அந்த விழிப்பில் ‘நான்’ என்பதும் ‘அப்பா’ என்பதும் ஒரே மூச்சில் வெளிவருகின்றன. இரண்டற்ற நிலையும் அன்புறவும் பகையாக வேண்டியதில்லை என்ற சாட்சியம் மறைநூலிலேயே இருக்கிறது. குகையில் அவரை இரண்டாகக் கிழித்தது எதுவோ, அது இயேசுவின் ஒரே சொல்லில் முழுதாக இருந்தது.

திருத்தூதர் பவுலை வாசித்தவர்களுக்கு இந்த வழி புதிதாக இராது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 7ஆம் அதிகாரம், விரும்பும் நன்மையைச் செய்ய முடியாமல், வெறுக்கும் தீமையையே செய்யும் மனிதனின் உட்போர். கிறிஸ்தவ இலக்கியத்தில் மனப்போராட்டம் இவ்வளவு பச்சையாகப் பதிவான இடங்கள் அரிது. அடுத்த அதிகாரத்தில் பவுல் அந்த மனிதனுக்கு மேலும் கடுமையான சட்டத்தைத் தரவில்லை. அவனுக்குள்ளிருக்கும் ஆவியால் அவன் ‘அப்பா’ என்று கூப்பிடுவதைச் சுட்டிக்காட்டுகிறார். உள்ளே நடக்கும் போரை அடியிலுள்ள இன்னோர் ஆழம் தாங்கி நிற்கிறது. அதைக் கேட்கப் பழகுவதுதான் நான் மேலே சொன்ன வாசிப்பின் நான்காம் படி.

இனி மோன்ஷனேன். அபிஷிக்தானந்தரின் நாடகத்தில் அவரைத் தயங்கி நின்ற துணைப்பாத்திரமாகச் சித்திரிப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. அவரும் யோவானைத்தான் வாசித்தார். ஆனால் அவர் கண் நின்றது முகவுரையில். தொடக்கத்தில் வாக்கு கடவுளை நோக்கி இருந்தது என்று அந்த நற்செய்தி திறக்கிறது. நோக்கியிருக்க வேண்டுமானால் இருவர் வேண்டும். கடவுளுக்குள்ளேயே நிரந்தரமான ஓர் உறவு இருக்கிறது. அத்வைதத்தின் ஏகம் அந்த உறவை விழுங்கிவிடும் என்று அவர் அஞ்சினார். இந்திய ஞானம் கிறிஸ்துவிடம் வரவேண்டுமென்றால் சிலுவை என்ற சாவைக் கடந்து உயிர்த்தெழுந்தே வரவேண்டும், நேர்வழியாக நடந்து வர முடியாது என்பது அவர் நிலை. நண்பர் குகையில் மூழ்கிக்கொண்டே போவதை அவர் கவலையோடு பார்த்தார். இருவருக்கும் சுபாவமும் ஒத்துப்போகவில்லை. லெ சோவுக்குக் கட்டவும் நடத்தவும் ஆசை. மோன்ஷனேனுக்குக் கையில் புத்தகம் இருந்தால் கூரை ஒழுகுவதும் தெரியாது. ஆனால் எந்த மனவேறுபாடும் அவர்களை ஒரே பந்தியிலும் ஒரே பீடத்திலும் சேரவிடாமல் தடுக்கவில்லை. 1957இல் நோய் முற்றிய மோன்ஷனேன் சிகிச்சைக்காகப் பிரான்ஸ் அனுப்பப்பட்டார். அக்டோபர் 10ஆம் நாள் பாரிசில் இறந்தார்.

என் கணிப்பில், அவருடைய போராட்டம் இன்னும் கடினமானது. லெ சோவுக்கு அனுபவம் என்ற கரை தெரிந்தது. மோன்ஷனேனுக்குக் கடைசிவரை எந்தக் கரையும் தெரியவில்லை. பிளவு பிளவாகவே இருக்க, அதன் விளிம்பில் நின்று செபித்தபடியே வாழ்ந்தார். தீராத போராட்டத்தோடும் ஒருவர் கடவுள்முன் அமைதியாக இருக்க முடியும் என்பதற்கு இந்த ஆசிரமத்தின் முதல் சாட்சி அவர்தான்.

அதன்பின் பத்தாண்டு அபிஷிக்தானந்தர் பாதி காவிரியிலும் பாதி கங்கையிலுமாக இருந்தார். சுவிட்சர்லாந்துத் தூதர் ஷாக் ஆல்பர்ட் கூத்தா 1960களின் தொடக்கத்தில் கூட்டிய சந்திப்புகளில், வேதாந்தமும் விவிலியமும் சேர்த்து வாசிக்கப்பட்டன. அவற்றில் அவர் முன்னின்றார். 1964இல் இறையியலாளர் ரைமோன் பணிக்கரோடு கங்கோத்திரிக்கு நடந்து, அங்கே திருப்பலி நிறைவேற்றினார். உத்தரகாசியில் ஒரு குடில் அமைத்தார். 1968இல் சாந்திவனத்தை ஒப்படைத்துவிட்டு வடக்கே போனவர் திரும்பவில்லை.

1973 ஜூலை 14ஆம் நாள் ரிஷிகேசக் கடைவீதியில் பேருந்தைப் பிடிக்க ஓடினார். காட்டுக்குடிலில் இருந்த சீடருக்குச் சாமான் வாங்கிக்கொண்டு போக வேண்டிய அவசரம். மாரடைப்பு வந்து நடைபாதையில் விழுந்தார். அசையவும் முடியாமல் அங்கே கிடந்தபோது, சாவா வாழ்வா என்ற கேள்வியே பொருளிழந்ததாகவும், இரண்டையும் கடந்து ‘இருப்பு’ ஒன்றே விளங்கியதாகவும் பின்னர் கடிதங்களில் எழுதினார். அதைத் தம் வாழ்வின் பெரிய விழிப்பு என்றார். பழைய பயங்களின் சுவடே அந்தக் கடிதங்களில் இல்லை. டிசம்பர் 7ஆம் நாள் இந்தூரில் உயிர் பிரிந்தது.

1968இல் சாந்திவனத்தை ஒப்படைத்த கை அபிஷிக்தானந்தருடையது. ஏற்ற கை பீட் கிரிஃபித்சுடையது. இங்கிலாந்தில் 1906இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் சி. எஸ். லூயிசின் மாணவர். 1930இல் நண்பர்கள் இருவரோடு கோட்ஸ்வோல்ட் கிராமத்துக் குடிசை ஒன்றில் இயந்திரங்களைத் துறந்து, பசு கறந்து, விவிலியம் படித்து வாழ்ந்து பார்த்தார். அவருடைய போராட்டம் வேறு வகை. கூர்மையான அறிவுக்கும், அந்த அறிவின் பிடியிலிருந்து விடுபடத் துடித்த நெஞ்சுக்கும் நடந்த போர் அது. லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைக் குடியிருப்பில் தங்கியிருந்தபோது, ஓர் இரவு முழுதும் உறங்காமல் முழந்தாளில் நின்று செபித்தார். தம் அறிவுச் செருக்கு அன்று உடைந்ததாகத் தன்வரலாறான ‘பொன் நூல்’ என்ற புத்தகத்தில் சொல்கிறார். 1932 முடிவில் கத்தோலிக்கரானார். மறு ஆண்டு ப்ரிங்நாஷ் மடத்தில் சேர்ந்தார். 1955இல் இந்தியா. பெங்களூரை அடுத்த கெங்கேரியில் ஒரு முயற்சி. பிறகு கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்தில் பிரான்சிஸ் ஆச்சார்யா என்ற துறவியோடு பத்தாண்டு. 1968 ஆகஸ்ட் இறுதியில், குரிசுமலைத் துறவியர் இருவரோடு தண்ணீர்ப்பள்ளி வந்தார்.

இன்று நாம் காணும் சாந்திவனம் அவர் காலத்தில் உருப்பெற்றதுதான். 1969 ஏப்ரலில் இந்தியத் திருவழிபாட்டுக்கான பன்னிரண்டு அம்சங்களுக்கு உரோமை இசைவு தந்தது. தரையில் அமர்வது, பூவும் ஆரத்தியும், செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவது ஆகியவை அதிகாரப்பூர்வமாயின. அந்த இசைவுக்குப் பின்னால் உழைத்தவர், பெங்களூர் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை நிறுவிய தமிழர் அமலோர்பவதாஸ் அடிகள். ஆனால் பல இடங்களில் பன்னிரண்டும் காகிதத்தோடு நின்றன. இங்கே அவை அன்றாடமாயின. கோயில் கோபுரத்தோடும் கருவறையோடும் எழுந்தது. காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. வேதம், உபநிடதம், கீதை, தமிழ் பக்திப் பனுவல்கள் வாசித்த பிறகு திருப்பாடலும் நற்செய்தியும். சூரியன் எழும்போதும் மறையும்போதும் ஒரு மணி நேரத் தியானம். மேலை நாடுகளிலிருந்து இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். ரூபர்ட் ஷெல்ட்ரேக் என்ற உயிரியல் அறிஞர், பெரும் விவாதத்தைக் கிளப்பிய தம் முதல் நூலை இங்கே இருந்துதான் எழுதினார். ஊருக்குள் வீடு கட்டிக்கொடுப்பதும் வேலைவாய்ப்புக்கு வழி செய்வதும் கூடவே நடந்தன. 1980களின் தொடக்கத்தில் ஆசிரமம் இத்தாலியின் காமல்டோலித் துறவு சபையோடு இணைந்தது.

எதிர்ப்பும் வந்தது. காவியும் ஓம் குறியும் மதமாற்றத்துக்கான வேடம் என்று இந்து எழுத்தாளர்கள் சாடினார்கள். சீதாராம் கோயல் 1988இல் அதை நூலாகவே தொகுத்தார். நம் பக்கத்திலும், திருநீறு பூசிய சாமியாரைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் குறைவில்லை. இந்துக்களின் சந்தேகத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆட்சியாளர்களோடு வந்த மதம் ஒன்று திடீரென்று காவி உடுத்தினால் சந்தேகம் எழத்தான் செய்யும். பீட் கிரிஃபித்ஸ் பொறுமையாகப் பதில் எழுதினார். அதைவிட, இங்கே யாருடைய மதத்தையும் மாற்ற முயலாமல் 25 ஆண்டு வாழ்ந்து காட்டினார்.

அவர் யோவானை வாசித்த இடம் 17ஆம் அதிகாரம். சாவுக்கு முந்திய இரவில் இயேசு செய்யும் நீண்ட வேண்டுதல். தாமும் தந்தையும் ஒருவருள் ஒருவர் இருப்பதுபோல எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்கிறார். தந்தையும் தாமும் ஒன்று என்ற இயேசு, தாமே தந்தை என்று ஒருபோதும் சொல்லவில்லை என்பதைப் பீட் கிரிஃபித்ஸ் விடாமல் சுட்டிக்காட்டினார். அவர் கண்ட ஒருமையில் அன்பு கரைந்துபோகாது. அன்பே அந்த ஒருமையின் உள்ளியல்பு. இது அபிஷிக்தானந்தரோடு ஒத்துப்போகாத இடம். மோன்ஷனேனின் கவலைக்குப் பதில் கிடைத்த இடமும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1990 ஜனவரியில் குடிலில் இருந்தபோது பக்கவாதம் தாக்கியது. இறந்துவிடப் போகிறோம் என்று நினைத்த அந்த நாட்களில், தாயிடம் உன்னை ஒப்புக்கொடு என்ற உந்துதல் எழுந்ததாகவும், அப்படியே செய்ததும் அன்பு வெள்ளம்போல வந்து மோதியதாகவும் அவர் சொன்னார். 83 வயதில், லண்டன் இரவில் தொடங்கிய போருக்கு முடிவு வந்தது. 1993 மே 13ஆம் நாள் இந்தக் குடிலிலேயே இறந்தார்.

மூவரும் ஐரோப்பாவில் பிறந்தவர்கள். கிறிஸ்துவோடு புறப்பட்டு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்களின் போராட்டம் அவர்களுடையது. தமிழ்க் கிறிஸ்தவரின் போராட்டம் எதிர்த்திசையில் ஓடுகிறது. பாசுரமும் தேவாரமும் இரத்தத்தில் இருக்க, கிறிஸ்துவிடம் வந்து சேர்ந்தவர்கள் நாம். அதையும் யோவானை வைத்தே வாசித்த ஒரு மரபு நெல்லைச் சீமையில் உண்டு. வைணவராய்ப் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். ஏ. எஸ். அப்பாசாமிப் பிள்ளை சைவத்திலிருந்து வந்தவர். முதுமையில் யோகப் பயிற்சியோடு கிறிஸ்துவைத் தியானித்தார். அவருடைய மகன் ஏ. ஜே. அப்பாசாமி 1927இல் யோவான் எழுத்துகளின் மறைஞானத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி ஒரு நூல் எழுதினார். சங்கரரை விட்டு இராமானுஜரைத் துணைக்கொண்டார். திராட்சைக் கொடியில் கிளைபோல நிலைத்திருக்கச் சொல்லும் 15ஆம் அதிகாரத்தை ஆழ்வார், நாயன்மார் அனுபவத்தோடு வைத்துப் பார்த்தார். தண்ணீர்ப்பள்ளியில் காவி உடுத்த அதே 1950களில் அவர் கோயம்புத்தூரில் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயராக இருந்தார். காவிரிக்கரையின் மூவரும் இந்த நெல்லை மரபும் ஒரே மேசையில் வைத்து வாசிக்கப்பட வேண்டும். அடுத்த கால் நூற்றாண்டில் சாந்திவனம் அதற்கென்று ஒரு வாசிப்பு வட்டத்தைத் தமிழிலேயே தொடங்கலாம். வருகிறவர்கள் 17ஆம் அதிகாரத்திலிருந்தோ, 8ஆம் அதிகாரத்திலிருந்தோ, முகவுரையிலிருந்தோ தொடங்கட்டும். தமிழர் பலர் 15ஆம் அதிகாரத்தைத்தான் முதலில் திறப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கிறேன்.